வேனிலும் நண்பகலும்: டெல்டாக்காரர் மலையேறும் கணக்கு

தஞ்சாவூர்க்காரரிடம் உங்கள் ஊரில் உயரமான இடம் எது என்று கேட்டால் பெரிய கோயில் விமானத்தைக் காட்டுவார். 216 அடி. அதற்கு வேண்டிய கல்லைக்கூட வெளியூரிலிருந்துதான் கொண்டுவந்தார்கள். கல்லணையில் தொடங்கிக் கோடியக்கரை வரை வண்டல் மண். நடுவில் ஒரு குன்று கிடையாது. ஆற்றங்கரையும் குளத்து மேடும்தான் நமக்குத் தெரிந்த ஏற்றம்.

இந்த ஊரிலிருந்துதான் இப்போது கூட்டம் கூட்டமாக மலைக்குப் போகிறார்கள். வெள்ளியங்கிரிக்கும் சதுரகிரிக்கும் வேன் பிடித்துப் போகிறவர்கள் ஒரு வகை. பச்சைமலை, கொல்லிமலை என்று பைக்கில் கிளம்பும் கல்லூரிப் பிள்ளைகள் இன்னொரு வகை. வளைகுடாவில் வேலை பார்க்கும் கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், முத்துப்பேட்டைக்காரர்கள் குளிர்கால வாரக்கடைசியில் ஓமன் மலைகளில் கூடாரம் அடிக்கிறார்கள். டெக்சாஸில் கணினி வேலையில் இருக்கும் கும்பகோணத்துப் பையன் பிக் பெண்ட் பாலைவனப் பூங்காவிலிருந்து படம் அனுப்புகிறான். போகிற இடங்கள் வெவ்வேறு. ஆனால் எல்லாமே வறண்ட மலைகள், அல்லது ஆண்டில் சில மாதம் வறண்டுபோகும் மலைகள்.

இந்தப் பயணங்களைத் திட்டமிடுகிற வரிசையைக் கவனித்திருக்கிறேன். முதலில் இடம் முடிவாகும். பிறகு வண்டி. பிறகு யார் யார் என்பது. அதன் பிறகு லீவு. தண்ணீர் பற்றிய பேச்சு அடிவாரத்துப் பெட்டிக்கடையில்தான் வரும்: "ஆளுக்கு ஒரு பாட்டில் போதும்ல?" இந்த வரிசையை அப்படியே தலைகீழாகத் திருப்ப வேண்டும் என்பது என் வாதம். முதலில் பொழுது, அடுத்து தண்ணீர், கடைசியில் இடம்.

பாலைக்கு நம் மரபில் தனி நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் இயல்பு கெட்டுத் திரியும்போது பாலையாகின்றன என்கிறது சிலப்பதிகாரம். தொல்காப்பியம் பாலைக்கு வைத்த பெரும்பொழுது வேனில். பின்பனியும் அதற்கு உரியது. சிறுபொழுது நண்பகல். பள்ளியில் இரண்டு மதிப்பெண்ணுக்காக உருப்போட்டு மறந்த செய்தி இது. மலையேறப் போகிறவருக்கு இதைவிடச் சிக்கனமான எச்சரிக்கையை நான் எங்கும் படித்ததில்லை. தேனிப் பக்கத்து மலைச்சரிவு ஒன்று கார்த்திகையில் குறிஞ்சியாக இருக்கும். பங்குனியில் அதுவே பாலை. புதுக்கோட்டைப் பாறை ஒன்று காலை ஏழு மணிக்கு உட்காரத் தோதான இடம். பன்னிரண்டு மணிக்குத் தோசைக்கல். ஆகவே 'எந்த மலை' என்று கேட்பதற்கு முன் 'எந்த மாதம், எத்தனை மணி' என்று கேட்டாக வேண்டும்.

இங்கேதான் டெல்டாக்காரருக்கு ஒரு தனிச் சிக்கல். நம் ஆண்டு மேட்டூரில் தொடங்குகிறது. ஜூன் 12 அணை திறக்க வேண்டிய நாள். திறந்தாலும் தவறினாலும் பேச்சு அதைச் சுற்றித்தான். அதன் பிறகு குறுவை, சம்பா, தாளடி என்று வயல் ஆளை விடாது. தையிலும் மாசியிலும் அறுவடை முடிந்து, நெல்லை அரசின் நேரடிக் கொள்முதல் நிலையத்தில் போட்டு, பணம் கணக்கில் ஏறி, வரப்போரம் உளுந்தும் பயறும் பச்சை கட்டிய பிறகுதான் ஒரு மனிதர் "எங்கேயாவது போய்ட்டு வரலாமா" என்று வாய் திறப்பார். பங்குனி, சித்திரை, வைகாசி ஆகிய மூன்றும் நமக்குக் கை ஓய்ந்த மாதங்கள். பள்ளிக்கூடத்துக்கும் மே மாதம்தான் விடுமுறை. வேறு வகையில் சொன்னால், மலை பாலையாகிற மாதத்தில்தான் டெல்டாவுக்கு ஓய்வு கிடைக்கிறது. மலை நன்றாக இருக்கிற மாதத்தில் நாம் நாற்றங்காலில் நிற்கிறோம். இதை யாரும் திட்டமிட்டுச் செய்த தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் இந்த மோதலை அறியாமல் போடும் திட்டம் எதுவும் உருப்படாது.

இதற்குத் தமிழ்நாட்டில் மறக்க முடியாத சாட்சி குரங்கணி. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்து ஒரு குழு, ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்து இன்னொரு குழு. முதல் நாள் போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறி, இரவு தங்கி, மறுநாள் இறங்கும் வழியில் காட்டுத்தீயில் சிக்கினார்கள். உயிரிழந்தவர்கள் 23 பேர். இளைஞர்கள், பெண்கள், புதிதாக மணமானவர்கள். விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. அதற்கு முன்பே ஊர்க்காரர்களும் வனத்துறையினரும் டோலி கட்டிச் சுமந்துகொண்டிருந்தார்கள். அப்போதைய வருவாய்த் துறை முதன்மைச் செயலாளர் அதுல்ய மிஸ்ராவை அரசு விசாரணைக்கு நியமித்தது.

அந்த விபத்தைப் பற்றிப் பேசும்போது 'தீ வைத்தது யார்' என்ற கேள்வியிலேயே பலர் நின்றுவிடுகிறார்கள். திட்டமிடுகிறவருக்கு முக்கியமான செய்தி வேறு. மார்ச் மாதத்தில் அந்தச் சரிவில் நிற்பது ஆளுயரக் காய்ந்த புல். வயலில் வைக்கோல் எரிவதைப் பார்த்திருக்கிறோம். சமதரையில் அது காற்றின் போக்கில் போகும், நாம் வரப்பேறித் தப்பிவிடலாம். சரிவில் தீ மேல்நோக்கித்தான் பாயும். கீழே எரியும் தழலின் வெப்பம் மேலேயுள்ள புல்லை முன்கூட்டியே காயவைத்துவிடுவதால், சரிவு கூடக் கூட அதன் வேகமும் கூடும். மேலே ஓடுகிறவனைத் தீ முந்திவிடும். சமதரையில் வளர்ந்தவனுக்கு ஆபத்து வந்தால் மேட்டுக்கு ஓடு என்பதுதான் வெள்ளம் கற்றுக்கொடுத்த பாடம். தீ விஷயத்தில் அதே பாடம் ஆளைக் கொல்லும்.

குரங்கணிக்குப் பிறகு 2018இலேயே மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. காட்டுக்குள் நடக்க மாவட்ட வன அலுவலரின் அனுமதி வேண்டும். பாதைகள் எளிது, நடுத்தரம், கடினம் என்று வகைப்படுத்தப்பட்டன. 2024 அக்டோபர் 24 அன்று 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள், இணையத்தில் பதிவு, கூடவே உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்கள் வழிகாட்டிகளாக. அந்த 14 மாவட்டங்களில் டெல்டா மாவட்டம் ஒன்றுகூட இல்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. காட்டுத்தீப் பருவம் என்று பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை பாதைகள் மூடப்படுகின்றன.

அந்தத் தேதிகளைத் தமிழ் நாள்காட்டியில் வைத்துப் பாருங்கள். மாசி முதல் வாரத்தில் தொடங்கிச் சித்திரை பிறந்ததும் முடிகிறது. மாசியும் பங்குனியும் பின்பனிக்காலம். பாலைக்குப் பின்பனியும் உரியது என்று தொல்காப்பியர் எழுதிவைத்த அதே இரண்டு மாதத்தைத்தான் வனத்துறை தீப்பருவம் என்று அறிவிக்கிறது. தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. பனியில் பாதி காய்ந்து, வெயில் ஏறத் தொடங்கும் புல்லை அவரும் பார்த்திருப்பார்.

பக்தர்களின் மலையேற்றம் இந்தக் கணக்குக்குள் அடங்காது. வெள்ளியங்கிரி ஏழு மலைக்கு அனுமதி கிடைப்பதே பிப்ரவரி முதல் மே வரைதான். மழைமாதங்களில் பாதை வழுக்கும், யானை நடமாட்டமும் உண்டு. ஆனால் பழக்கப்பட்டவர்கள் அங்கே இரவில்தான் ஏறுவார்கள். பொழுது விடியும்போது உச்சியில் இருப்பார்கள். வெயில் ஏறுமுன் பாதி மலை இறங்கிவிடுவார்கள். ஆளுக்கொரு மூங்கில் தடி. வேனிலைத் தவிர்க்க முடியாதபோது நண்பகலையாவது தவிர்க்கிற ஏற்பாடு அது. நம் பக்கத்திலிருந்து சமயபுரத்துக்கும் வேளாங்கண்ணிக்கும் பாதயாத்திரை போகிறவர்களும் இதைத்தான் செய்கிறார்கள்: இரவு நடை, பகலில் சத்திரம், வழியெங்கும் நீர்மோர்ப் பந்தல், பானகம். டெல்டாக்காரருக்கு நடக்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் பந்தல் போட ஆளில்லாத வழியில் நடக்க நமக்குப் பழக்கமில்லை. 2024 பருவத்தில் வெள்ளியங்கிரியில் பலர் நெஞ்சுவலியும் மூச்சுத்திணறலும் வந்து இறந்தார்கள். சமதரையில் பத்து கிலோமீட்டர் நடக்கிற இதயம், படிக்கட்டாக ஆறு கிலோமீட்டர் ஏறுவதற்குத் தயாராக இருக்கும் என்று நம்பக் கூடாது. நாற்பதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஏறுவதில் பக்தி ஒன்றும் குறைந்துவிடாது.

கூடாரம் போடும் ஆசையைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுவது நல்லது. தமிழ்நாட்டில் காப்புக்காட்டுக்குள் நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்க யாருக்கும் உரிமை இல்லை. 1882ஆம் ஆண்டின் வனச் சட்டமும் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் அனுமதியின்றி நுழைவதையும் தீ மூட்டுவதையும் குற்றமாக வைத்திருக்கின்றன. சதுரகிரி இப்போது திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. அங்கே ஏறலாம், கும்பிடலாம், இருட்டுமுன் இறங்கிவிட வேண்டும். இரவு தங்க வேண்டுமென்றால் வனத்துறையின் விடுதிகள், பட்டா நிலத்தில் உரிமத்தோடு நடத்தும் தங்குமிடங்கள் ஆகியவைதான் வழி. பின்னதிலும் கண்ணை மூடிக்கொண்டு பணம் கட்டக் கூடாது. 2021 ஜனவரியில் வயநாட்டு மேப்பாடியில் கூடாரத்தில் தங்கியிருந்த ஓர் இளம்பெண்ணை யானை கொன்றது. காட்டோரம் என்றால் காடு என்றுதான் யானை எடுத்துக்கொள்ளும்.

உண்மையான பாலை மலையில், நட்சத்திரத்துக்குக் கீழே படுத்துத் தூங்குகிற பயணம் வேண்டுமென்றால் நம்மவர்கள் ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிற இடத்தைப் பார்க்கலாம். ஓமனின் ஹஜர் மலைத்தொடர். அதன் உச்சி ஜெபல் ஷம்ஸ், ஏறத்தாழ 3000 மீட்டர். நம் தொட்டபெட்டாவைவிட உயரம். அதன் விளிம்பில் வாதி குல் என்ற பள்ளத்தாக்கு செங்குத்தாக ஏறத்தாழ 1000 மீட்டர் இறங்குகிறது. பள்ளத்தாக்கின் சுவரை ஒட்டியே ஆட்டுப்பாதை ஒன்று கைவிடப்பட்ட ஒரு பழைய கிராமத்துக்குப் போகிறது. பாறைகளில் மஞ்சள், வெள்ளை, சிவப்புப் பட்டை அடித்து வழி குறித்திருக்கிறார்கள். பக்கத்தில் ஜெபல் அக்தர். மலைச்சரிவில் படிப்படியாக மாதுளையும் ரோஜாவும். பிர்க்கத் அல் மௌஸ் என்ற ஊரில் போலீஸ் சாவடி இருக்கிறது. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

டெல்டாக்காரர் அங்கே போனால் பள்ளத்தாக்கைவிட நின்று பார்க்க வேண்டியது ஃபலஜ். மலையடி ஊற்றிலிருந்து கல்வாய்க்கால் வழியாக ஊருக்கும் தோட்டத்துக்கும் தண்ணீர் கொண்டுவரும் அமைப்பு. ஓமனில் ஏறத்தாழ 3000 ஃபலஜ்கள் இன்னும் ஓடுகின்றன. அவற்றில் ஐந்தை 2006இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. பகலில் நிழலை வைத்தும் இரவில் நட்சத்திரத்தை வைத்தும் இன்னாருக்கு இவ்வளவு நேரம் என்று தண்ணீர் பிரிப்பார்கள். நம் முறைப்பாசனம்தான். வாய்க்கால் பணியாளரான லஸ்கர் மடை மாற்றுவதற்காகக் கரையில் காத்திருந்தவருக்கு அந்த வாய்க்காலைப் பார்த்ததும் பேச்சு வந்துவிடும். தண்ணீர் குறைந்த ஊரில் தண்ணீரை நேரத்தால் அளக்கிறார்கள். மலையேறுகிறவரும் அப்படித்தான் அளக்க வேண்டும்; அந்தக் கணக்குக்குச் சற்றுப் பின்னால் வருகிறேன்.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. வளைகுடாவில் இருக்கும் நம் மாவட்டத்து ஆட்களில் பெரும்பாலோர் இந்த மலைகளைக் கம்பெனி பஸ்ஸின் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருப்பார்கள். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. அன்றைக்குத் துணி துவைக்க வேண்டும், ஊருக்குப் போன் போட வேண்டும். ஆனால் வெயிலைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்த அளவு எந்த மலையேற்ற வழிகாட்டிக்கும் தெரியாது. ஐக்கிய அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12.30 முதல் 3 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்பது சட்டம். ஓமனிலும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இதே போன்ற தடை உண்டு. கூலிக்கு நிற்கிறவனையே நிழலுக்கு அனுப்பச் சொல்லும் நேரத்தில் ஆசைக்காக யாரும் பாறையில் ஏறக் கூடாது. அந்த மலைகளுக்கு நவம்பர் முதல் மார்ச் வரைதான் பருவம்.

இனி பிக் பெண்ட். அமெரிக்க நாட்டில், மெக்சிகோ எல்லையில் ரியோ கிராண்டே ஆறு வளைகிற இடத்தில், சிவாவான் பாலைவனத்தின் நடுவே இருக்கிறது. 1944இல் அமைந்த தேசியப் பூங்கா. பரப்பளவு ஏறத்தாழ 3240 சதுர கிலோமீட்டர். நம் தஞ்சாவூர் மாவட்டம் ஏறத்தாழ 3400. நம் மாவட்டத்தில் 2011 கணக்குப்படி 24 லட்சம் பேர். அங்கே ஊழியர்களைத் தவிர குடியிருப்போர் என்று சொல்ல ஆளில்லை. தஞ்சாவூரில் தடுக்கி விழுந்தால் ஒரு ஆஸ்பத்திரி. அங்கே ஆஸ்பத்திரி வேண்டுமென்றால் ஆல்பைன் என்ற ஊருக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். தஞ்சாவூர் மாவட்டம் முழுவதிலும் ஆளே இல்லாமல், தண்ணீர்க்குழாய் நாலைந்து இடத்தில் மட்டும் இருந்து, நடுவில் 2387 மீட்டருக்கு ஒரு மலை எழுந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். 2023 ஜூனில் அங்கே 48 டிகிரி வெயிலில் நடைபாதையில் 14 வயதுச் சிறுவன் ஒருவன் மயங்கி விழுந்து இறந்தான். உதவி தேடிக் காரை விரட்டிக்கொண்டு போன அவனுடைய வளர்ப்புத் தந்தையும் விபத்தில் இறந்தார். அவர்கள் போனதும் ஜூன் மாதம். பள்ளி விடுமுறை.

அந்தப் பூங்கா சொல்லும் அளவு ஆளுக்கு நாளுக்கு ஒரு காலன், அதாவது ஏறத்தாழ 4 லிட்டர். வெயிலில் ஏற்றம் ஏறும்போது மணிக்கு அரை முதல் ஒரு லிட்டர் வரை உடம்பு கேட்கும். சரி, நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். மூன்று பேர், இரண்டு பகல், ஓர் இரவு. ஆளுக்கு நாளைக்கு 4 லிட்டர் என்றால் மொத்தம் 24 லிட்டர். இரண்டு குடம். 24 கிலோ. இரண்டு குடம் தண்ணீரை மூன்று பேர் முதுகில் ஏற்றி, அதற்கு மேல் கூடாரம், போர்வை, சாப்பாடு, விளக்கு. இந்த எடையை ஒருமுறை தூக்கிப் பார்த்தவர் அப்புறம் இடத்தைப் பற்றி வேறு மாதிரி பேசுவார். எட்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் உச்சியில் முகாம் என்று போட்ட திட்டம் தானாகவே அடிவாரத்துக்கு இறங்கிவிடும். அதனால்தான் தண்ணீரை இடத்துக்கு முன்னால் வைக்கச் சொல்கிறேன்.

பிக் பெண்டில் நீண்ட சுற்று நடக்கிறவர்கள் முன்னதாகவே காரில் போய், பாதையின் பாதியில் சாலை தொடும் இடத்தில் கரடி திறக்க முடியாத பெட்டிக்குள் தண்ணீரை வைத்துவிட்டு வருகிறார்கள். தனக்குத் தானே போட்டுக்கொள்ளும் தண்ணீர்ப் பந்தல். நல்ல யோசனை, நம்மூர்ப் பாறைக் குன்றுகளிலும் வண்டி போகிற பக்கம் இருந்தால் செய்யலாம். ஆனால் காலிப் பாட்டிலைத் திரும்பக் கொண்டுவருகிற ஆட்கள் மட்டுமே செய்ய வேண்டும்.

வரைபடத்தில் நீலக்கோடு இருக்கிறதே, ஓடை இருக்குமே என்பார்கள். டெல்டாவில் கோடு இருந்தால் தண்ணீர் வரும். இன்றைக்கு இல்லாவிட்டால் மேட்டூர் திறந்ததும் வரும். வறண்ட மலையில் அந்தக் கோடு தண்ணீர் போன தடம். அதற்கு மேல் அதில் நம்பிக்கை வைக்கக் கூடாது. சுனை இருந்தாலும் காய்ச்சியோ வடிகட்டியோ குடிக்க வேண்டும். மலையில் எல்லோரும் கடைமடைக்காரர்களே. தண்ணீர் வந்தால்தான் வந்தது என்று கணக்கு.

நிறையத் தண்ணீர் குடித்தால் மட்டும் போதாது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. வியர்வையில் உப்பு போகிறது. வெறும் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய்த் தலைசுற்றலும் வாந்தியும் வரும். ஆள் மயங்கிக்கூட விழலாம். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் பத்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய தேக்கரண்டியால் ஆறு கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு. நீராகாரம் குடித்து வயலுக்குப் போன நம் தாத்தாக்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

சாப்பாட்டிலும் நெல்லூர்க்காரருக்கு, நெல் விளைகிற ஊர்க்காரரைச் சொல்கிறேன், ஒரு கூடுதல் செலவு இருக்கிறது. சோறில்லாமல் நமக்கு இறங்காது. ஒரு பங்கு அரிசிக்கு இரண்டரை, மூன்று பங்கு தண்ணீர், கழுவ வேறு, பாத்திரம் தேய்க்க வேறு. மலை மேல் சோறாக்குவது என்பது குடிதண்ணீரை அடுப்பில் ஏற்றுவது. தீ மூட்டவும் கூடாது. எனவே முதல் நாளுக்குப் புளியோதரைக் கட்டுச்சோறு. தயிர்ச்சோறு வெயிலில் புளித்து வயிற்றைக் கெடுக்கும், வேண்டாம். மறுநாளைக்கு அவல், வெல்லம், கடலைமிட்டாய், சத்துமாவு. பொருவிளங்காய் உருண்டை கிடைத்தால் அதைவிட நல்ல மலைத் தின்பண்டம் கிடையாது. பல் உறுதியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வறண்ட மலையில் தாகத்தைவிட வேகமாக ஆளைக் கொல்வது வெள்ளம். கேட்கச் சிரிப்பாக இருக்கும். நமக்குத் தெரிந்த வெள்ளம் சொல்லிவிட்டு வருவது. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர ஏறத்தாழ மூன்று நாள். அதற்குள் தண்டோரா, செய்தி, மணல்மூட்டை எல்லாம் ஆகிவிடும். பாறை மலையில் மண் கிடையாது, மழையை உறிஞ்ச ஒன்றும் கிடையாது. எங்கோ மேலே பெய்தது இங்கே சில நிமிடத்தில் வந்துவிடும். நம் தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கலாம். 2015 மே மாதம் சதுரகிரியில் அமாவாசைக்குப் போன பக்தர்கள் ஓடையில் திடீரென்று வந்த வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டார்கள். 2024 ஏப்ரலில் ஓமனில் வந்த வெள்ளத்தில் பள்ளிப் பிள்ளைகளும் இறந்தார்கள். தண்ணீர் ஓடும் வாதியில், அதாவது பள்ளத்தாக்கு ஓடையில், வண்டியை இறக்குவது அந்த நாட்டில் தண்டனைக்குரிய குற்றம். ஆகவே, மணல் மெத்தென்று இருக்கிறதே என்று ஓடைப் படுகையில் கூடாரம் அடிக்காதீர்கள். அந்த மணலை அங்கே கொண்டுவந்து போட்டது தண்ணீர்தான்.

குளிர் பற்றிச் சுருக்கமாக. ஒவ்வொரு 1000 மீட்டர் ஏற்றத்துக்கும் சுமார் ஆறரை டிகிரி குறையும். மார்கழிப் பனிக்கே மங்கி குல்லா போடும் நாம், ஜெபல் ஷம்ஸின் ஜனவரி இரவு சுழியத்தைத் தொடும் என்பதை நம்ப மறுக்கிறோம். பகல் வெயிலை மட்டும் நினைத்துப் பை கட்டுகிறோம். ஒரு கம்பளிச் சட்டை, ஒரு நல்ல படுக்கைப் பை இல்லாமல் பாலை இரவு கழியாது.

நடைநேரக் கணக்குக்கு நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892இல் சொன்ன எளிய வழி இன்றும் உதவுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். அவர் குளிர் நாட்டுக்காரர், பழகிய காலுடையவர். நம் காலுக்கும் வெயிலுக்கும் அதை ஒன்றரை மடங்காக்கிக்கொள்வது உத்தமம். இந்தக் கணக்கில் மாலை நான்கு மணிக்குள் முகாம் சேர முடியவில்லை என்றால் திட்டத்தைச் சுருக்குங்கள்.

இதையெல்லாம் நான் படித்து மட்டும் எழுதவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் மூன்று பேர் நார்த்தாமலைக்குப் போனோம். பட்டுக்கோட்டைப் பக்கத்து நண்பர் ஒருவர், அவருடைய மைத்துனர், நான். புதுக்கோட்டை வழியில் டிபன், டீ, பேச்சு எல்லாம் முடித்து மேலமலையில் கால் வைத்தபோது மணி பத்தரை. சித்திரை மாதம். கையில் மூவருக்கும் சேர்த்து ஒரு லிட்டர் பாட்டில் ஒன்று. விஜயாலய சோழீச்சரம் வரை போகிற பாறையில் மரநிழல் கிடையாது. கோயிலைச் சுற்றிப் பார்த்து முடிப்பதற்குள் பாட்டில் காலி. மைத்துனருக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. அங்கேயுள்ள குடைவரைக் கோயிலின் நிழலில் உட்கார்ந்து, மூன்று மணிவரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். கீழே சாலையும் டீக்கடையும் கண்ணுக்குத் தெரிகின்றன. அரை மணி நேரத் தூரம்கூட இல்லை. அந்தச் சிறிய பாறை எங்களுக்குப் பாலையாகிவிட்டது. வேனில், நண்பகல் இரண்டையும் நாங்களே தேடிக் கொண்டுபோய் வைத்தோம்.

ஆனாலும் டெல்டாக்காரருக்குப் பயிற்சிக் களம் என்றால் நார்த்தாமலைதான் என்று இன்றும் சொல்வேன். தஞ்சாவூரிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். மேலமலை, கடம்பர்மலை, ஆளுருட்டிமலை என்று சிறு சிறு குன்றுகள். ஒரு தை மாத விடியற்காலையில், பயணத்துக்குக் கொண்டுபோகிற முழு மூட்டையையும் முதுகில் போட்டுக்கொண்டு ஏறி இறங்குங்கள். எத்தனை மணிக்கு எத்தனை லிட்டர் போனது என்று குறித்துக்கொள்ளுங்கள். தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடம், அங்கே தங்க முடியாது. தங்கிப் பார்க்க உங்கள் வீட்டு மொட்டை மாடி இருக்கிறது. மோட்டார் போடாமல், குழாய் திறக்காமல், ஆளுக்கு நான்கு லிட்டரில் ஒரு பகலும் இரவும் கழித்துப் பாருங்கள். என் வீட்டில் இதை முயன்றபோது மதியத்துக்குள் தோற்றோம். கை கழுவியே இரண்டு லிட்டர் போயிருந்தது.

இனி, எப்போது போவது? தமிழ்நாட்டு மலைகளுக்கு வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி 14 வரை. சம்பாக்காரருக்கு அதில் கிடைக்கும் ஒரே சந்து பொங்கல் விடுமுறை. மாட்டுப் பொங்கல் அன்று இரவு கிளம்பினால் காணும் பொங்கலும் அடுத்த நாளும் மலையில். பாதைகள் திறந்திருக்கும், புல் பச்சையாக இருக்கும், சுனையில் தண்ணீர் நிற்கும். வீட்டில் இரண்டு வார்த்தை வாங்கிக்கட்டிக்கொள்ள நேரும். பரவாயில்லை. கிளம்பும்போது எந்தப் பாதை, யார் யார், எப்போது திரும்புவோம் என்று ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். மலையில் செல்போனுக்கு சிக்னல் இருக்காது, தேடுகிறவருக்கு அந்தத் தாள்தான் வழி.

மே மாதத்தில் மலைக்குக் கூப்பிடாதீர்கள். நான் வரமாட்டேன், கோடியக்கரைக்கு என்றால் வருகிறேன்.